ஆறாத புண்ணும் அடியிலுள்ள எலும்பும்

விபத்தில் கால் எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய சில வாரங்களில், தையலிட்ட இடத்திலிருந்து சீழ் கசியத் தொடங்குகிறது. மாத்திரை உட்கொண்டால் நிற்கிறது. நிறுத்தினால் மீண்டும் வருகிறது. இவ்வாறு வந்துபோகும் புண் பெரும்பாலும் தோலின் நோயன்று. அடியிலுள்ள எலும்பின் நோய். இதனை எலும்புத் தொற்று என்கிறோம். பெருநகர மருத்துவமனையும் விலையுயர்ந்த ஊசிகளும் இருந்தால்தான் இது தீரும் என்றெண்ணிப் பல குடும்பத்தினர் மனம் தளர்கின்றனர். ஆயினும் இச்சிகிச்சையின் அடிப்படைப் படிகள் எளிய வசதிகளைக் கொண்டே செய்யத்தக்கவை. அவை வரிசை மாறாமலும் இடையில் நின்றுவிடாமலும் நடைபெற வேண்டும் என்பதே முக்கியம்.

தொற்று எவ்வாறு நிலைகொள்கிறது?

தோல் கிழிந்து எலும்புவரை காயம் செல்லும் முறிவைத் திறந்த முறிவு என்பர். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு தோலை ஒட்டியே இருப்பதால், அங்கு இது மிகுதி. காயத்தின் வழியே மண்ணும் கிருமிகளும் உட்புகுகின்றன. நொறுங்கிய எலும்பின் சில துண்டுகள் இரத்த ஓட்டத்தை இழந்து இறந்துவிடுகின்றன. மருந்து இரத்தத்தின் வழியே செல்வது. வாய்க்கால் அறுந்த வயலுக்கு நீர் பாயாததுபோல, இறந்த எலும்புக்கு மருந்து சென்று சேராது. உள்ளே பொருத்திய பிளேட், கம்பி ஆகியவற்றின்மேலும் கிருமிகள் மெல்லிய படலம் கட்டி ஒளிந்துகொள்கின்றன. ஆகவேதான் நாட்பட்ட எலும்புத் தொற்றை மாத்திரை மட்டுமே தீர்ப்பது அரிது.

முதல் சில மணி நேரம்

தடுப்பது விபத்து நடந்த இடத்திலேயே தொடங்குகிறது. காயத்தின்மேல் காப்பித்தூள், மஞ்சள், சாணம், எண்ணெய் எதனையும் இடலாகாது. வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளலாகாது. தூய துணியால் மூடி, கால் அசையாதவாறு மரச்சட்டம் வைத்துக் கட்டி, 108 ஆம்புலன்சை அழைத்தல் வேண்டும். திறந்த காயத்தின்மேல் இறுக்கமான நாட்டுக்கட்டு போடுவது இரத்த ஓட்டத்தைத் தடுத்துத் தீங்கைப் பெருக்கும். மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் ஊசி எவ்வளவு விரைவில், இயன்றால் ஒரு மணி நேரத்துக்குள், போடப்படுகிறதோ அவ்வளவு நன்று. தமிழகத்தில் சாலை விபத்துக்குள்ளானோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டம் 2021 முதல் உள்ளது. பணத்தை எண்ணித் தாமதிக்க வேண்டியதில்லை.

சிகிச்சையின் படிகள்

முதலாவது, கிருமியை அறிதல். புண்ணின் வாயில் வடியும் சீழில் தோலின் கிருமிகளும் கலந்திருக்கும். ஆகையால் அறுவை சிகிச்சையின்போது எலும்பின் ஆழத்திலிருந்தே மாதிரிகள் எடுத்துப் பரிசோதிப்பர். மருந்துக்கடையில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கி உட்கொண்டிருந்தால், கிருமி இருந்தும் பரிசோதனையில் வளராமல் போகலாம்.

இரண்டாவது, இறந்த எலும்பையும் சீழையும் அகற்றிச் சலைன் நீரால் கழுவுதல். இதுவே சிகிச்சையின் உயிர்நாடி. சிலருக்கு இது ஒருமுறைக்கு மேலும் தேவைப்படும். அதனை முந்தைய அறுவையின் தோல்வி எனக் கருத வேண்டாம்.

மூன்றாவது, எலும்பை அசையாமல் நிறுத்துதல். அசையும் எலும்பில் தொற்று அடங்காது. சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய மருத்துவர் இலிசரோவ், 1950களில் உருவாக்கிய வளையக் கருவி இதற்குப் பெரிதும் உதவுகிறது. அகற்றிய எலும்பின் இடைவெளியையும் அது நிரப்புகிறது. நல்ல எலும்பை ஓரிடத்தில் பிரித்து, நாளொன்றுக்கு 1 மி.மீ. வீதம் நகர்த்தினால், பின்னால் புது எலும்பு வளர்கிறது. 6 செ.மீ. இடைவெளியைக் கடக்கவே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். புது எலும்பு உறுதிப்பட மேலும் பல மாதங்கள் தேவை.

நான்காவது, பரிசோதனை காட்டிய மருந்தை, பெரும்பாலும் 6 வாரம், முழுமையாக உட்கொள்ளுதல். 'ஊசிதான் வேலை செய்யும்' என்பது பலரது நம்பிக்கை. பிரிட்டனில் 1,054 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், எலும்பு, மூட்டுத் தொற்றுக்குத் தக்க மாத்திரை பெற்றோர் ஊசி பெற்றோரைவிடப் பின்தங்கவில்லை. இதனால் பலர் வீட்டிலிருந்தே மருந்தைத் தொடர இயலும்.

குடும்பத்தினர் கவனத்துக்கு

சீழ் நின்றது நோய் தீர்ந்ததற்கு அடையாளமன்று. மருத்துவர் கூறாமல் மருந்தை நிறுத்தற்க. புகையும் புகையிலையும் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும், அறவே விடுக. சர்க்கரை நோய் உள்ளோர் அதனைக் கட்டுக்குள் வைத்தல் இன்றியமையாதது. முட்டை, பருப்பு, மீன், பால் என இயன்ற புரத உணவைத் தருக. வளையம் பொருத்தியோர் கம்பி நுழையுமிடங்களைச் செவிலியர் கற்பித்தவாறு தூய்மை செய்க. எக்ஸ்ரே படங்களையும் பரிசோதனைச் சீட்டுகளையும் ஒரே பையில் சேர்த்துவைத்து, ஒவ்வொரு முறையும் உடன் கொண்டு வருக.

காய்ச்சல், புதிய வீக்கம், மிகும் வலி, மீண்டும் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், குறித்த நாள்வரை காத்திராமல் உடனே வருக. மாதக்கணக்கில் கூலி இழந்து, துணைக்கு ஒருவரையும் நிறுத்திச் செய்யும் சிகிச்சை இது. அதன் சுமையை நாங்கள் அறிவோம். பாதியில் விட்டால் அச்சுமை முழுவதையும் மறுமுறையும் சுமக்க நேரலாம்; சில வேளைகளில் காலையே இழக்கவும் நேரும். பயணச் செலவோ வேலையோ தடையானால் வருவதை நிறுத்திவிடாமல், முதலில் எங்களிடம் தெரிவியுங்கள். வரும் நாள்களை உங்களுக்கேற்ப மாற்றியமைக்க வழியுண்டு.