கினி எலிகளின் கூட்டு வாழ்வு

தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஆண்டீஸ் மலைத்தொடர் நெடிதுயர்ந்து நிற்கிறது. அம்மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சிற்றுயிரைப் பழக்கி, இறைச்சியின்பொருட்டு மனைகளில் வளர்த்து வந்தனர். அதுவே கினி எலி. அதனைக் கினிப்பன்றி என வழங்குவாரும் உளர்; எனினும் அது பன்றியன்று; கொறித்துண்ணும் விலங்குகளுள் ஒன்றாகும். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வாயிலாக அது ஐரோப்பாவை அடைந்தது. பின்னர்ச் சிறுவர் விரும்பி வளர்க்கும் செல்லப் பிராணியாயிற்று.

வளர்ந்த கினி எலி ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ளது. பகைவிலங்கை எதிர்த்து நிற்கும் வலிமை அதற்கு இல்லை. ஆகவே கூட்டமே அதற்கு அரணாகும். ஓர் ஆண், சில பெண்கள், அவற்றின் குட்டிகள் எனச் சிறு குடும்பமாக அது வாழும். உணவு வரும் அரவம் கேட்டதும் உரக்கச் சீழ்க்கையொலி எழுப்பும். தாயைப் பிரிந்த குட்டியும் அவ்வாறே கூவியழைக்கும். சினம் மிகும்போது பற்களை நறநறவெனக் கடிக்கும். அதனைக் கேட்ட மெலியது ஒதுங்கிச் செல்லுமாயின் சண்டை மூளாது. வலியது இது, மெலியது இது என்னும் வரிசை யாவற்றுக்கும் தெரிந்திருப்பதே கூட்டத்தின் அமைதியைக் காக்கிறது.

கினி எலிக்குட்டி பிறக்கும்போதே திறந்த கண்களும், உடல் நிறைந்த மயிரும், முளைத்த பற்களும் பெற்றிருக்கும். ஆயினும், கூடி வாழும் முறையை அது மூத்தவற்றிடமே கற்றல் வேண்டும். கூட்டத்தில் வளரும் ஆண், இளமையில் மூத்த ஆண்களின் சினத்துக்கு ஆளாகி, விலக வேண்டிய இடத்தில் விலகப் பழகுகிறது. பின்னர் அயற்கூட்டத்தில் விடப்படினும் பூசலின்றித் தன் இடத்தைத் தேடிக்கொள்கிறது. அத்தகைய பழக்கமின்றித் தனித்து வளர்ந்த ஆணோ, விட்டுக்கொடுக்க அறியாது சண்டையிட்டு நலிவெய்துகிறது.

ஜெர்மனியிலுள்ள மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நோர்பெர்ட் சாக்சரும் அவர்தம் குழுவினரும் இவற்றை ஆராய்ந்து, 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆண் ஒன்றைப் புதியதோர் அடைப்பில் தனியே விட்டால், அதன் குருதியில் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர் மிகுகிறது. இஃது அதன் கலக்கத்தின் அறிகுறியாகும். அறியாத பெண்ணொன்றை உடன்விட்டாலும் அம்மிகுதி தணிவதில்லை. நெருங்கிப் பிணைந்த பெண் உடனிருப்பின் மட்டுமே அது பெரிதும் தணிகிறது. அருகில் ஓர் உயிர் இருத்தல் போதாது. அவ்வுயிரோடு உறவும் இருத்தல் வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

சுவிட்சர்லாந்து நாடு 2008-இல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, கினி எலியைத் தனியே வளர்த்தல் கூடாது. இரண்டேனும் சேர்ந்திருத்தல் வேண்டும். புதியதொன்றைச் சேர்ப்போர் திடுமெனச் சேர்த்தலாகாது. சில நாள் கம்பிவலைக்கு இருபுறமும் இருத்தி, ஒன்றன் மணத்தை மற்றொன்று அறியச் செய்தல் வேண்டும். பின்னர் அகன்ற இடத்தில், மறைவிடங்களும் உணவுக்கலங்களும் பலவாக அமைத்துப் பழகவிடுதல் நன்று.

வளர்ப்பவர் எத்துணை அன்புடையவராயினும், கினி எலியின் குரலுக்கு அதன் மொழியில் மறுமொழி கூற இயலாது. கூண்டில் புல்லும் நீரும் நிறைந்திருப்பினும் தன் இனத்துணை இல்லையேல் அதற்கு வாழ்வு குறைவுடையதே. உயிரை வளர்க்க விரும்புவோர், உணவைப் போலவே துணையையும் அதற்கு அளித்தல் கடமையாகும்.