உலோக பாகங்களுக்கு லேசர் மார்க்கிங்: எதற்கு எந்த முறை?

லேசர் மார்க்கிங் மெஷின் வாங்கப் போகும் பட்டறைக்காரர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு. மார்க் போட்ட பிறகு அந்தப் பீஸ் எங்கெல்லாம் போகப் போகிறது? ஷாட் பிளாஸ்டிங்கா, பவுடர் கோட்டிங்கா, ஆசிட் தொட்டியா, வயல் கிணறா? இதற்குப் பதில் தெரிந்தால் முறை பாதி முடிவாகிவிடும்.

லேசர் வகையில் பெரிய குழப்பம் இல்லை. உலோகத்துக்கு 1064 நானோமீட்டர் ஃபைபர் லேசர். கார்பன்-டை-ஆக்சைடு லேசரின் 10,600 நானோமீட்டர் ஒளியை வெற்று உலோகம் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். அது மரத்துக்கும் அக்ரிலிக்குக்கும் ஏற்றது.

கோவைப் பம்ப் பட்டறைகளின் வார்ப்பிரும்பு கேஸ்டிங்கை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் ஏறும் பவுடர் கோட்டிங்கே 60 முதல் 80 மைக்ரான் இருக்கும். மேலோட்டமாகப் போட்ட எண் அதற்குள் புதைந்துபோகும். ஷாட் பிளாஸ்டிங்கும் உண்டென்றால் கேட்கவே வேண்டாம். இங்கே ஆழமான என்கிரேவிங்தான் வழி: உலோகத்தை ஆவியாக்கி 0.2, 0.3 மில்லிமீட்டர் வரை தோண்டுவது. 20 வாட்டிலும் தோண்டலாம், ஆனால் கதிர் பலமுறை ஓட வேண்டும். தினமும் நூற்றுக்கணக்கில் பீஸ் ஓட்டுபவருக்கு 50 வாட்டுக்குக் குறையாமல் தேவை. தோண்டிய எழுத்தின் விளிம்பில் உருகித் தெறித்த உலோகம் பிசிறாக ஒட்டியிருக்கும். குறைந்த சக்தியில் இன்னொரு முறை ஓட்டினால் அது சுத்தமாகும். அந்த நேரத்தையும் சைக்கிள் டைமில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெறும் வரிசை எண் மட்டும் போதுமென்றால், ஊசியால் புள்ளி குத்தும் டாட் பீன் மெஷினைப் பழசு என்று தள்ள வேண்டாம். சத்தம் அதிகம்; ஆனால் விலை குறைவு, ஆழமும் கிடைக்கும். குத்தினாலும் தோண்டினாலும், ஏறி இறங்கும் பளுவைத் தாங்கும் ஷாஃப்ட் போன்ற பாகத்தில் அந்த இடம் விரிசலுக்குத் தொடக்கமாகலாம். டிராயிங் காட்டும் இடத்தில் மட்டும் போடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் கதை வேறு. அறுவை சிகிச்சைக் கருவிகளில் குழி இருந்தால் அழுக்கு தங்கும். அங்கே அனீலிங் முறைதான் சரி. உருகாத அளவுக்குச் சூடேற்றும்போது மேற்பரப்பில் ஆக்சைடு படலம் உருவாகிக் கறுக்கும். நகத்தால் தடவினால் எதுவும் தட்டாது. ஆனால் சூடு மிஞ்சினால் மேற்பரப்பில் துருவைத் தடுக்கும் குரோமியம் குறைந்து, சில கழுவல்களுக்குப் பின் எழுத்தின் மேலேயே துரு பூக்கும். அதைச் சரிசெய்யப் பேசிவேஷன் ஆசிட் தொட்டியில் போட்டால் கறுப்பு வெளிறக்கூடும். இந்த இழுபறியில் பல்ஸ் நேரத்தை மாற்ற முடிகிற மோப்பா வகை ஃபைபர் லேசர் கைகொடுக்கும். மருத்துவக் கருவி செய்பவர்கள் அதன் கூடுதல் விலைக்குத் தயங்க வேண்டாம்.

அலுமினியத்தில் இந்த அனீலிங் நடக்காது. கறுப்பு அனோடைஸ் செய்த பாகம் என்றால் சாதாரண ஃபைபர் லேசரே நிறத்தை எடுத்து வெள்ளை எழுத்து தரும். நிறமேற்றாத அனோடைஸின் மேல் கறுப்பு வேண்டுமென்றால் மோப்பா. செம்பு ஒளியை அதிகம் திருப்புவதால், நுணுக்கமான வேலைக்கு 532 நானோமீட்டர் பச்சை லேசர் நல்லது.

டேட்டா மேட்ரிக்ஸ் என்னும் சதுரப் புள்ளிக் குறியீடு கேட்கும் வாடிக்கையாளருக்கு எழுத்தைவிடக் கறுப்பு-வெள்ளை வேறுபாடு முக்கியம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கோடு, பளபளப்பான உலோகத்தில் ஸ்கேனருக்குத் தெரியாமல் போகும். முதலில் ஒரு கட்டத்தை மங்கலான வெள்ளையாக்கி, அதன் மேல் கறுப்புப் புள்ளிகளைப் போடுங்கள். சொரசொரப்பான கேஸ்டிங்கில் அந்த இடத்தை முன்கூட்டியே மட்டப்படுத்துங்கள். ஐஎஸ்ஓ/ஐஇசி 29158 படி தரம் பார்க்கும்போது, எல்லா வேலையும் முடிந்த பீஸைப் பாருங்கள்.

லென்ஸ் விஷயத்தில் ஏமாந்துவிட வேண்டாம். 254 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள லென்ஸ் சுமார் 175 மில்லிமீட்டர் சதுரப் பரப்பைத் தரும். 160 மில்லிமீட்டர் லென்ஸ் 110 தரும். பெரிய பரப்பில் கதிர்ப்புள்ளி அகன்று, அதே வாட்டில் ஆழம் குறையும். உங்கள் பாகம் கையளவு என்றால் சிறிய லென்ஸே போதும்.

விற்பனையாளர் காட்டும் மாதிரித் தகட்டை நம்பி முன்பணம் தராதீர்கள். உங்கள் பீஸையே கொடுத்து மார்க் போடச் சொல்லி, கடைசி வேலை வரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மூடிய பெட்டி இல்லாத மெஷினை மலிவு என்று வாங்கவே கூடாது. 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமையும் மூடாது. பளபளப்பான பீஸில் பட்டுத் திரும்பும் கதிர் நேராக விழித்திரையைச் சுடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் நச்சான குரோமியம் சேர்மங்கள் இருக்கலாம். விலை பேசும்போதே பெட்டி, புகை உறிஞ்சி, 1064 என்று அச்சிட்ட கண்ணாடி மூன்றையும் சேர்த்துப் பேசுங்கள். மெஷின் முன் உட்காரப் போகிறவருக்கு அவை இல்லாமல் ஒரு நாள்கூட வேலை கொடுக்காதீர்கள்.