கிட்டாரில் முதல் மூன்று மாதங்கள்

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. கிட்டார் வாங்கி ஒரு மாதம் ஆகிறது, விரல் நுனி எரிகிறது, சி கோர்டிலிருந்து ஜி கோர்டுக்குப் போவதற்குள் பாட்டு ஓடிவிடுகிறது, "எனக்கு இது வராது போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில்.

இப்படி நினைத்துக் கிட்டாரை உறைக்குள் போட்டு மூடுகிறவர்கள் ஏராளம். அமெரிக்காவின் ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்துக்குத் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஆண்டி மூனி ஒரு கணக்குச் சொன்னார். முதல் முறையாகக் கிட்டார் வாங்குகிறவர்களில் 100க்கு 90 பேர் ஓராண்டுக்குள், பல நேரம் 90 நாளுக்குள்ளேயே, அதை விட்டுவிடுகிறார்களாம். அவர்களைத் தக்கவைக்கத்தான் அந்த நிறுவனம் 2017இல் ஃபெண்டர் ப்ளே என்ற பயிற்சிச் செயலியைத் தொடங்கியது. 90 பேருக்கும் இசை ஞானம் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தடை வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்கிறவர்தான் தொடர்ந்து வாசிக்கிறார்.

அப்படிச் சரிசெய்த ஒரு கிட்டார் கலைஞரைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி அயோமிக்கு அப்போது வயது 17. வேலையின் கடைசி நாளில் இயந்திரத்தில் கை சிக்கி, வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்த வேண்டிய கையே அந்த வலது கைதான். மனம் உடைந்து கிடந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் வண்டி வீட்டில் பிடித்த தீயில் இடது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கிப்போக, மீதி இரண்டு விரலை முக்கியமாக வைத்தே ஜாஸ் உலகை வியக்கவைத்த கலைஞர். அயோமி எழுந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோலை ஒட்டினார். கனத்த தந்தியை அழுத்த முடியாததால் மெல்லிய பாஞ்சோ தந்திகளை மாட்டினார். பிறகு தந்தியின் இழுவிசை குறையட்டும் என்று சுருதியையும் இறக்கினார். அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970இல் வந்தது. ஹெவி மெட்டல் இசையின் கனத்த ஓசைக்கு அந்த இறக்கிய சுருதியும் ஒரு காரணம்.

அயோமி பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்கிக் கற்றவர் அல்லர் என்பதைக் கவனி. எது தடுக்கிறது என்று பார்த்தார், அதை மாற்றினார். நீயும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

முதலில் கருவியைப் பார். கடையிலிருந்து நேரே வருகிற மலிவு விலைக் கிட்டார்களில் தந்தி பெரும்பாலும் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பியிலிருந்து மிக உயரத்தில் நிற்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து ஆறாவது தந்தி, அதாவது மிகத் தடித்த தந்தி, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பார். எஃகுத் தந்தி போட்ட அக்கவுஸ்டிக் கிட்டாரில் அது சுமார் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் சுகமாக வாசிக்கலாம். நான்கு மில்லிமீட்டர் இருந்தால் தேர்ந்த வாசிப்பாளருக்கே கை வலிக்கும். கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய் "செட்டப் பண்ணிக் கொடுங்கள்" என்றால் இறக்கிக் கொடுப்பார். அப்படியே தந்தியையும் மாற்றிவிடு. முதல் தந்தி 0.012 அங்குலத் தடிமன் உள்ள செட் மாட்டியிருந்தால் 0.010 செட்டுக்கு வந்துவிடு.

அடுத்தது விரல் விழும் இடம். புதியவர்கள் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்துவார்கள், தந்தி கரகரக்கும், உடனே இன்னும் பலமாக அழுத்துவார்கள். விரல் நுனியை ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால் பாதி பலமே போதும். ஒரு கோர்டைப் பிடித்ததும் ஆறு தந்தியையும் சேர்த்து மீட்டாமல் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேள். எந்தத் தந்தி ஊமையாக நிற்கிறதோ அதற்குரிய விரலை மட்டும் சரிசெய். இடது கை நகத்தை ஒட்ட வெட்டி வை. நுனித் தோல் சில வாரங்களில் தடித்து எரிச்சல் போய்விடும். அதுவரை அரைமணி நேரப் பயிற்சியைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்.

கோர்டு மாற்றத்துக்கு வருவோம். சியிலிருந்து ஜிக்குப் போகும்போது மூன்று விரலும் இடம் மாறுகின்றன. அதை முதலில் எடுத்ததால்தான் திணறுகிறாய். சியிலிருந்து ஏ மைனருக்குப் போய்ப் பார். ஆள்காட்டி விரல் இரண்டாவது தந்தியிலும் நடுவிரல் நான்காவது தந்தியிலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மோதிரவிரல் மட்டும் ஐந்தாவது தந்தியிலிருந்து மூன்றாவது தந்திக்கு வந்தால் கோர்டு மாறிவிடும். ஈ மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போவதும் இப்படித்தான். அதே வடிவம் ஒரு தந்தி கீழே நகர்கிறது, அவ்வளவே. கடிகாரத்தில் ஒரு நிமிடம் வைத்து, எத்தனை முறை சுத்தமாக மாறுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள். மறுநாள் ஒன்றிரண்டு கூடும்.

எஃப் கோர்டைக் கண்டு பயப்படாதவர் இல்லை. ஒரே விரலால் ஆறு தந்தியையும் முதல் ஃப்ரெட்டில் அழுத்த வேண்டும். கழுத்தின் முனைக்கட்டை பக்கத்திலேயே இருப்பதால் அங்கேதான் தந்தி மிக விறைப்பாக இருக்கும். அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்துப் பார், எளிதாக அமரும். அங்கே நன்றாக ஒலித்த பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வா.

இடது கைக்கு இவ்வளவு சொன்னாலும், கேட்கிறவர் காதில் பாட்டைப் பதியவைப்பது வலது கைதான். அது ஊஞ்சல்போல் மேலும் கீழும் ஒரே சீராக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். தந்தியைத் தொடாத இடத்திலும் ஆட்டம் நிற்கக் கூடாது. கோர்டு மாறத் தாமதமானால் இடது கை பிந்தட்டும், தாளம் நிற்க வேண்டாம். தாளம் தட்டும் மெட்ரோனோமை 60இல் வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு கோர்டு என்று வாசி. வேகம் பிறகு வரும்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் வேண்டும். "இளைய நிலா" பாட்டின் கிட்டாரை வாசிக்க வேண்டும் என்ற ஆசையில் இந்தக் கருவியைத் தொட்டவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். 1982இல் வந்த "பயணங்கள் முடிவதில்லை" படத்தின் அந்தப் பாட்டில் விரல்கள் தனித்தனித் தந்தியில் ஓடும். முதல் மாதத்துக்கு அது ஆகாது. மூன்று கோர்டில் முடிகிற பாட்டை எடுத்து முழுதாக வாசித்து முடி. பீட்டில்ஸ் குழு உருவாகும் முன் பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும், பி செவன்த் என்ற ஒரே ஒரு கோர்டு தெரிந்த ஒருவரைத் தேடி லிவர்பூலில் பஸ் ஏறிப் போனார்களாம், பாலே சொல்லியிருக்கிறார். ஈயும் ஏயும் அவர்களுக்கு முன்பே தெரியும். மூன்றாவது கிடைத்ததும் அந்த மூன்றை வைத்தே எத்தனையோ பாட்டுகளை வாசிக்க முடிந்தது.

கைப்பேசியில் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் மணிக்கட்டு வளைந்திருப்பதையும் தோள் இறுகியிருப்பதையும் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆசிரியர்தான் பார்த்துச் சொல்வார். 1976இல் "அன்னக்கிளி" வருவதற்கு முன் பிறருடைய இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்த இளையராஜாவே, தன்ராஜ் மாஸ்டரிடம் போய் மேற்கத்திய இசையை முறையாகப் படித்தவர். மாதத்தில் இரண்டு வகுப்பு கிடைத்தாலும் போதும், போ.

ஞாயிற்றுக்கிழமை கிட்டாரைச் செட்டப்புக்குக் கொடுத்து வாங்கு. திங்கட்கிழமையிலிருந்து ஜி கோர்டை இரண்டு வாரம் ஒதுக்கிவைத்து, சியையும் ஏ மைனரையும் மட்டும் பழகு. நிமிடத்துக்கு எத்தனை மாற்றம் வருகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
பெரியப்பா