மெலனீசியாவுக்கு மொழி ஆய்வுக்குப் புறப்படுகிறவர்களுக்கு

1. இலக்கணம் எழுத உட்காரும் முன் தோட்டங்களின் வரலாற்றைப் படியுங்கள். 1863 முதல் 1904 வரை வனுவாட்டு, சாலமன் தீவுகளிலிருந்து குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கப்பலேற்றினார்கள். ஏறத்தாழ 62,000 ஒப்பந்தங்கள். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத அந்தக் கூட்டத்தில் வளர்ந்த பேச்சு, ஊர் திரும்பியவர்களோடு கரையேறியது. இன்று வனுவாட்டின் பொதுமொழியான பிஸ்லாமாவுக்கும் சாலமன் தீவுகளின் பிஜினுக்கும் வேர் அங்கே இருக்கிறது.

2. கிழவர்களிடம் கதை கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தாய்மார் குழந்தையை அதட்டும் இடத்தில், சோறூட்டும் இடத்தில் போய் இருங்கள். பாப்புவா நியூ கினியின் கபுன் கிராமத்தில் மானிடவியலாளர் டான் குலிக் செய்தது இதைத்தான். 1980களின் நடுவில் அவர் போனபோது ஊரில் நூறு பேர் அளவுக்கே இருந்தார்கள். பத்து வயதுக்குக் கீழே ஒரு பிள்ளைகூட ஊரின் சொந்த மொழியான தயாப்பைப் பேசவில்லை. பெற்றோரைக் கேட்டால், பிள்ளைகள்தான் பிடிவாதமாகப் பேச மறுக்கிறார்கள் என்றார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டபோதோ, குழந்தையிடம் பேசும்போது நாட்டின் பொதுமொழியான டோக் பிசினுக்கு மாறியவர்கள் பெரியவர்களே. தாங்கள் மாறுவது அவர்களுக்கே தெரியவில்லை. அந்த டோக் பிசின், தோட்ட வேலைக்குப் போன ஆண்கள் இரும்புக் கருவிகளோடு கொண்டுவந்தது. ஆண்மை, தேவாலயம், வெளியுலகம் எல்லாம் அதன் பக்கம் சேர்ந்தன. தயாப் பெண்களின் பேச்சாக, பிற்போக்காக எண்ணப்பட்டது. எத்தனை பேர் பேசுகிறார்கள் என்ற கணக்கை மட்டும் எடுத்திருந்தால் இதில் எதுவும் அகப்பட்டிருக்காது.

3. அனுமதி பெறுவதை அலைச்சலாக நினைக்காதீர்கள். வனுவாட்டு 1985இலிருந்து 1994 வரை வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குக் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. அந்த நாட்டுப் பண்பாட்டு மையத்துக்கு ஊர்தோறும் உள்ளூர்க் களப்பணியாளர்கள் உண்டு. ஆணும் பெண்ணுமாக, சம்பளம் எதிர்பாராமல் தம் மொழியையும் வழக்கத்தையும் எழுதிவைப்பவர்கள் அவர்கள். அவர்களிடம் மாணவராகச் சேருங்கள். பதிவின் பிரதியை ஊரில் வைக்காமல் விமானம் ஏறாதீர்கள்.

4. மொழி நழுவுகிறதென்று, கூலிக்கு வெளிநாடு போவோரைக் குற்றம் சொல்லாதீர்கள். 2007இல் நியூசிலாந்து பருவகாலத் தொழிலாளர் திட்டத்தைத் தொடங்கியது முதல், வனுவாட்டு ஆட்கள் மாதக்கணக்கில் ஆப்பிள் பறிக்கிறார்கள், திராட்சைக் கொடி வெட்டுகிறார்கள். பள்ளிக் கட்டணமும் சிமெண்ட் வீடும் அந்தப் பணத்தில்தான். முடிந்தால் அவர்கள் தங்கும் தொழிலாளர் விடுதிக்கும் போங்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கினால் எதில் பேசுகிறார்கள், தொலைபேசியில் மகளிடம் எதில் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். மொழி தங்குமா நழுவுமா என்பது அந்த அழைப்பிலும் தெரியும்.

5. பிஸ்லாமாவோ டோக் பிசினோ கற்றுக்கொண்டு போங்கள். ஆனால் அதிலேயே வேலையை முடித்துவிடாதீர்கள்.