பிக்கப் டேஷ்போர்டில் ஒரு பட்டன்: ஏற்காடு மலைப்பாதையை வைத்து ஒரு பாடம்

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு. பைக்ல போய்ட்டு வந்த எல்லாருக்கும் இது மனப்பாடம். அடுத்த தடவை போகும்போது எதிர்ல இறங்கி வர்ற பிக்கப் வண்டிகளைக் கொஞ்சம் கவனிங்க. நாகலூர், செம்மடுவு, மஞ்சக்குட்டை பக்கத்திலிருந்து காபியும் மிளகும் ஆரஞ்சும் ஏத்திக்கிட்டு சேலம் இறங்குற வண்டிகள். சரக்கு வண்டி வாங்குறவங்க பெரும்பாலும் விலை குறைஞ்ச வேரியன்ட்டைத்தான் எடுப்பாங்க. அதே மாடலோட மேல் வேரியன்ட்டில் ஸ்டியரிங்கிலேயே ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் மீட்டருக்குள்ள இருக்கிற சின்னத் திரையில் சராசரி மைலேஜ், மீதி டீசலில் எத்தனை கிலோமீட்டர் போகலாம், டிரிப் தூரம் எல்லாம் ஒவ்வொன்றாக மாறும். கீழ் வேரியன்ட்டில் திரை இருக்கும், பட்டன் மட்டும் இருக்காது. அல்லது மீட்டர் கண்ணாடியில் துருத்திக்கிட்டிருக்கிற ஒரு குச்சி பட்டன் இருக்கும். அதை அழுத்தணும்னா ஸ்டியரிங் வளையத்துக்குள்ள கையை விடணும். வளைவில் ஸ்டியரிங் திரும்பிக்கிட்டிருக்கும்போது அந்தக் கை என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

கம்பெனி பட்டனையே கீழ் வேரியன்ட்டில் சேர்க்க முடியுமா? பல வண்டிகளில் முடியும். எப்படி என்பதற்கு முன்னாடி, மலையில் இந்தத் திரை காட்டுகிற எண்ணை எவ்வளவு நம்பலாம்னு ஒரு கணக்கு போட்டுடலாம். முதல் செமஸ்டர் ஃபிசிக்ஸ் போதும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர். ஏற்காடு 1,515 மீட்டர். வித்தியாசத்தை 1,200 மீட்டர்னு வச்சுக்குவோம். லோடோட வண்டி எடை 3,000 கிலோ. நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம், அதாவது 3,000 × 9.81 × 1,200. விடை கிட்டத்தட்ட 35 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது ஏறக்குறைய 36 மெகாஜூல். ஆஹா, ஒரே லிட்டர்தானான்னு சந்தோஷப்படாதீங்க. எஞ்சின் அதில் 30 சதவீதத்தைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும்னு எடுத்துக்கிட்டா, உயரத்துக்கு மட்டும் 3.3 லிட்டர் ஆகுது. சமதளத்தில் 12 கிலோமீட்டர் மைலேஜ் கொடுக்கிற வண்டி, 20 கிலோமீட்டர் மலைப்பாதையின் தூரத்துக்காக 1.7 லிட்டர் குடிக்கும். இரண்டையும் கூட்டினால் 5 லிட்டர். ஏறும்போது மைலேஜ் வெறும் 4!

இறங்கும்போது கதையே வேற. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய எஞ்சின்கள் டீசலை முழுசா நிறுத்திடும். வண்டியோட எடைதான் எஞ்சினைச் சுத்துது. திரையில் சராசரி ஏறிக்கிட்டே போகும். 'மீதி தூரம்' என்கிற எண், டேங்கில் இருக்கிற டீசலை சமீபத்திய சராசரியால் பெருக்கிக் கிடைப்பது. இப்போ அடிவாரத்தில் 15 லிட்டர் மிச்சம், இறங்கி வந்ததால் சராசரி 18 காட்டுதுன்னு வைங்க. திரை 270 கிலோமீட்டர்னு சொல்லும். அப்படியே வண்டியைத் திருப்பி லோடோட ஏறினால், ஏற்றம் நீள்கிற வரைக்கும் அந்த 15 லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கணக்குதான். திரை பொய் சொல்லலை. அதுக்கு முன்னாடி மலை இருக்குன்னு தெரியாது, அவ்ளோதான். டேங்கில் டீசலை அளப்பது ஒரு மிதவை. சரிவில் டீசல் ஒரு பக்கமா ஒதுங்கும்போது அந்த அளவும் கொஞ்சம் மாறும். அதனால அடிவாரத்தில் ஒருமுறை சராசரியை ரீசெட் செய்து, ஏற்றத்துக்குத் தனியா, இறக்கத்துக்குத் தனியா பார்க்கிற ஓட்டுநருக்குத்தான் இந்தத் திரையால் முழுப் பயன். அதுக்கு விரலுக்கு எட்டுற பட்டன் வேணும்.

இனி பட்டன். உள்ளே பார்த்தா ஏமாந்துடுவீங்க, அவ்வளவு எளிமை. நாலு பட்டனுக்கு நாலு வயர் போகாது. ஒரு சிக்னல் வயர், ஒரு எர்த் வயர், நடுவில் வெவ்வேறு மதிப்புள்ள ரெசிஸ்டர்கள். மீட்டர் உள்ளேயிருந்து 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியா சிக்னல் வயருக்கு அனுப்பும். நீங்க எந்தப் பட்டனை அழுத்துறீங்களோ, அதோட ரெசிஸ்டர் எர்த்தோட சேரும். இரண்டாம் செமஸ்டரில் படிச்ச வோல்டேஜ் டிவைடர் நினைவிருக்கா? அதேதான். உதாரணத்துக்கு உள் ரெசிஸ்டர் 1,000 ஓம்னு வைப்போம். எதையும் அழுத்தலைன்னா 5 வோல்ட். 330 ஓம் பட்டனை அழுத்தினால் 5 × 330 ÷ 1,330, அதாவது 1.24 வோல்ட். 1,000 ஓம் பட்டனுக்கு 2.5 வோல்ட். 3,000 ஓம் பட்டனுக்கு 3.75 வோல்ட். நேரா எர்த் ஆகிற பட்டனுக்கு சுழியம். மீட்டரில் இருக்கிற மைக்ரோகன்ட்ரோலர் அந்த வோல்ட்டைப் பார்த்து எந்தப் பட்டன்னு கண்டுபிடிக்கும். நிஜ மதிப்புகள் வண்டிக்கு வண்டி மாறும், இதையே அப்படியே எடுத்துக்காதீங்க.

சில வண்டிகளில் இந்த வயர் நேரா மீட்டருக்குப் போகாமல் இன்னொரு கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போகும். அங்கேயிருந்து கேன் பஸ் வழியா செய்தியா மீட்டருக்கு வரும். பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட அதே கேன்தான். முறுக்கிய இரண்டு வயரில் வண்டி முழுக்கப் பேச்சுவார்த்தை.

ஆக உங்க வேலை எவ்வளவு பெரிசு என்பது ஒரே கேள்வியில் இருக்கு: உங்க மீட்டருக்கு அந்த வசதி தெரியுமா? தெரியும், பட்டன் மட்டும் இல்லைன்னா அதிர்ஷ்டம். கம்பெனிகள் செலவைக் குறைக்க பல வேரியன்ட்டுக்கு ஒரே வயரிங்கைப் போடுவது வழக்கம். அதனால ஸ்டியரிங் அடியில் இருக்கிற கனெக்டரில் அந்த வயர் சும்மா காத்துக்கிட்டிருக்கவும் கூடும். வயர் இல்லைன்னா மீட்டர் கனெக்டரில் காலியா இருக்கிற இடத்தில் புதுப் பின் செருகி இழுக்கணும். அதுவும் முடியும், பொறுமை வேணும். மீட்டரே வேற வகைன்னா விட்டுடுங்கன்னுதான் சொல்லுவேன். ஓடோமீட்டர் கணக்கு மீட்டரின் மெமரியில் இருக்கும். வேற வண்டியோட மீட்டரைப் போட்டால் ஓடின தூரம் மாறிடும். விற்கும்போது அது ஏமாத்து வேலையாத்தான் தெரியும். சில வண்டிகளில் இம்மொபிலைசரும் சேர்ந்து வம்பு பண்ணும், வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

காசு போட்டு ஸ்விட்ச் வாங்குறதுக்கு முன்னாடியே சோதிக்கலாம் என்பதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அந்த மாடலோட வயரிங் வரைபடத்தில் சிக்னல் பின் எதுன்னு பாருங்க. சாவியை ஆன் செய்து மல்டிமீட்டரால் அளங்க. 5 வோல்ட் வந்தால் அந்தப் பக்கம் யாரோ காத்திருக்காங்க. வரைபடத்தில் போட்டிருக்கிற மதிப்புள்ள, ஒரு ரூபாய் ரெண்டு ரூபாய் ரெசிஸ்டர் ஒன்றை அந்தப் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு நொடி வைங்க. திரை மாறினால் ஸ்விட்ச் வாங்கலாம். மாறலைன்னா, மேல் வேரியன்ட் வசதி மென்பொருளில் பூட்டியிருக்கலாம். அதைச் சர்வீஸ் சென்டரின் டயக்னாஸ்டிக் கருவியால்தான் திறக்க முடியும். வரைபடம் இல்லாமல் குத்துமதிப்பா ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

ஸ்டியரிங்குக்கும் வண்டிக்கும் நடுவில் கிளாக் ஸ்பிரிங்னு ஒன்று இருக்கு. சுருட்டி வச்ச பட்டை கேபிள். ஸ்டியரிங் எத்தனை சுற்று சுத்தினாலும் இணைப்பு அறுகாமல் இருக்கிறது இதனால்தான். கீழ் வேரியன்ட்டில் ஹார்னுக்கு மட்டும் வழி இருக்கிற மலிவான வகை இருக்கலாம், அப்போ இதையும் மாத்தணும். மாத்தும்போது சக்கரங்கள் நேரா இருக்கணும், ஸ்பிரிங் சரியா நடுவில் இருக்கணும். நடு தப்பினால் முழுசா ஒடிக்கிற முதல் கொண்டை ஊசி வளைவிலேயே கேபிள் இழுபட்டு அறுந்துடும். சமதளத்தில் ஓட்டுறவருக்கு இது பல நாள் தெரியாமலே இருக்கலாம், ஏற்காட்டுக்காரருக்கு அன்றைக்கே தெரியும்.

ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருக்கிற வண்டியா? அப்போ பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மேனுவல் சொல்கிற நிமிஷங்கள் காத்திருந்த பிறகுதான் கை வைக்கணும். மஞ்சள் நிறக் கனெக்டர் ஏர்பேக்குடையது. அதில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைக்கவே வைக்காதீங்க, மீட்டர் அனுப்புகிற சின்ன மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம். உங்களுக்கு இதில் பழக்கம் இல்லைன்னா இந்த ஒரு கட்டத்தை மட்டும் மெக்கானிக்கிட்ட கொடுத்துடுங்க. கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மழையும் பனிமூட்டமும் உள்ள ஊரில் இன்னொரு பிரச்சினை, கனெக்டரில் பச்சை படிவது. மேலே போட்ட கணக்கையே எடுங்க. 330 ஓம் பட்டன் வழியில் துருவால் 100 ஓம் சேர்ந்தால் 1.24 வோல்ட் 1.50 ஆகிடும். மீட்டர் ஒவ்வொரு பட்டனுக்கும் இருபுறமும் 0.2 வோல்ட் சலுகை கொடுக்குதுன்னா இது வெளியே போய்டுச்சு, பட்டன் செத்தது மாதிரி இருக்கும். வயரைச் சும்மா முறுக்கி டேப் சுத்துவது இங்கே வேலைக்காகாது. சரியான பின்னை கிரிம்ப் செய்து, கனெக்டரில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வைங்க.

சட்டம் பற்றிக் கேட்பீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கிற விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஸ்டியரிங் பட்டன் அந்தச் சான்றிதழில் வருகிற விவரம் இல்லை. வாரன்டி காலம் முடியாத வண்டின்னா, சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டு, அவங்க கையாலேயே போட்டுக்கிறது நல்லது.

எல்லாம் மாட்டியாச்சா? கேன் உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றி வச்சிருக்கும்போதே ஓபிடி சாக்கெட்டின் 6-வது, 14-வது பின்களுக்கு நடுவில் ஓம் அளங்க. பெரும்பாலான வண்டிகளில் 60 வரணும். இரண்டு முனைகளிலும் 120 ஓம் இருப்பதால் இணைச் சுற்றில் அது பாதியாகும். 120 வந்தால் எங்கேயோ ஒரு முனை விட்டுப்போச்சு. அப்புறம் பேட்டரியை மாட்டி, ஸ்டியரிங்கை இடது கடைசியிலிருந்து வலது கடைசி வரைக்கும் மெதுவா ஒடிச்சுக்கிட்டே ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்க, ஹார்னையும் சேர்த்து. திரை காட்டுகிற மைலேஜைச் சரிபார்க்க, சேலத்தில் டேங்க் நிரம்ப டீசல் போட்டு டிரிப்பை ரீசெட் செய்து, ஏற்காடு ஏறி இறங்கி, அதே பங்க்கில் மறுபடி நிரப்புங்க. ஓடின தூரத்தை இரண்டாவதா போட்ட லிட்டரால் வகுத்து, திரையில் இருக்கிற எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வச்சுக்குங்க.