கடனோடு வந்த காப்பீடு

(இளம் அறிவியல் கணிதம், இரண்டாம் ஆண்டு)

நாளை வரக்கூடிய துன்பத்துக்காகப் பலரும் சிறு தொகை செலுத்தி, துன்பமுற்றவருக்கு அதிலிருந்து உதவும் ஏற்பாடே காப்பீடு. இதனைக் குறைகூறுவார் எவருமிலர். ஆயினும் நல்ல மருந்தையே ஆள் மாற்றிக் கொடுத்தால் அது நஞ்சாகும். கேளாதவர் தலையில் கடனோடு சேர்த்துக் கட்டப்படும் காப்பீடும் அத்தகையதே. இதனை நான் நூலில் கற்கவில்லை. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து கற்றேன்.

எங்கள் ஊர் ஆத்தூருக்கு அருகே வசிட்ட நதியை ஒட்டியுள்ள சிற்றூர். மரவள்ளிக் கிழங்கு போட்டு ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புவதும், பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவதுமே எங்கள் பிழைப்பு. 2024 ஜூன் மாதம் இரண்டு கறவை மாடுகளும் கொட்டகையும் வாங்க என் தந்தையார் ஒரு வங்கியில் 2,00,000 ரூபாய் கடன் பெற்றார். வட்டி நூற்றுக்கு 12. தவணை 36 மாதம். கைக்கு வந்ததோ 1,80,000 ரூபாய். மீதியைக் கேட்டதற்கு, "அது கடனுக்கான இன்சூரன்சு, ஒரே தடவைதான்" என்றார்கள். மாட்டுக்கு ஏதாவது ஆனால் பணம் வரும் என்று எண்ணிக்கொண்டு அப்பா வீடு திரும்பினார். அடுத்த மாதம் தபாலில் தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே முழுதும் ஆங்கிலம். அம்மா அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தார்.

ஓராண்டு கழித்து, "இரண்டாம் ஆண்டுப் பிரீமியம் 20,000 ரூபாய் செலுத்துக" என்று கடிதம் வந்தபோதுதான் நான் அந்த உறையைப் பிரித்துப் படித்தேன். அது மாட்டுக்கான காப்பீடும் அன்று, கடனுக்கான காப்பீடும் அன்று. என் தந்தையார் பெயரில், பத்தாண்டுகள் தொடர்ந்து கட்டவேண்டிய சேமிப்புடன் கூடிய ஆயுள் காப்பீடு அது. பின்னிணைப்பாக இருந்த விண்ணப்பத்தின் நகலில், தொழில்: வியாபாரம், ஆண்டு வருமானம்: 6,00,000, கல்வி: பட்டதாரி என்று எழுதியிருந்தது. அதன்கீழ் அப்பாவின் கையெழுத்து.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவன் நான் என்றே எண்ணியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் தந்தையாருக்கு எனக்கு முன்பே யாரோ பட்டம் வழங்கிவிட்டார்கள்!

கணக்கு சொல்லும் செய்தி

கணித மாணவன் ஆதலால் முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2,00,000 ரூபாய்க்கு 12 விழுக்காட்டில் 36 மாதத் தவணை, மாதம் ஏறத்தாழ 6,643 ரூபாய். ஆனால் கையில் பெற்றது 1,80,000 மட்டுமே. அந்தத் தொகைக்கு அதே தவணையைக் கட்டுவதாகக் கொண்டால், உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 19.5 விழுக்காடு. கண்ணால் காணாத அந்த 20,000 ரூபாய்க்கு மட்டும் மூன்றாண்டில் 3,914 ரூபாய் வட்டி!

இன்னொரு கணக்கும் உண்டு. அந்தப் பத்திரத்தில் இறப்புக்கான காப்புத் தொகை 2,00,000 ரூபாய். நடுவணரசின் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டிலும் காப்புத் தொகை இதே 2,00,000 தான். 2022 ஜூன் முதல் அதன் ஆண்டுப் பிரீமியம் 436 ரூபாய். இது சேமிப்பு இல்லாத வெறும் காப்பு என்பது மெய்யே. ஆனால் கடன் வாங்கி மாடு பிடிக்க வந்தவருக்கு வேண்டியது சேமிப்பா, காப்பா என்று யாரும் கேட்கவில்லையே!

இங்கிலாந்தில் நடந்தது

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கடன் வாங்கியவர் நோயுற்றாலோ வேலை இழந்தாலோ தவணையைக் கட்டித் தரும் காப்பீட்டை இங்கிலாந்து வங்கிகள் கடனோடு சேர்த்து விற்றன. வேலையிலேயே இல்லாதவர், சொந்தத் தொழில் செய்பவர், முன்பே நோயுற்றிருந்தவர் என ஒருநாளும் பயன்பெற முடியாதவர்களுக்கும் விற்றன. வாங்கினால்தான் கடன் என்று சிலரிடம் கூறினர். சிலரிடம் கூறாமலேயே சேர்த்தனர். 2014-ல் அந்நாட்டு உச்சநீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், செலுத்திய பிரீமியத்தில் 71.8 விழுக்காடு தரகாகவே போனது வெளிப்பட்டது.

2005-ல் மக்கள் ஆலோசனை அமைப்பொன்று அரசின் வாணிகக் கண்காணிப்புத் துறையிடம் முறையிட்டது. ஈடு தரும் விதிகளை எதிர்த்து வங்கிகள் தொடுத்த வழக்கு 2011 ஏப்ரலில் தோற்றது. முறையீட்டுக்கு இறுதி நாளாக 2019 ஆகஸ்டு 29 குறிக்கப்பட்டது. திருப்பித் தரப்பட்ட மொத்தத் தொகை 3,800 கோடி பவுண்டுக்கும் மேல். அங்கும் மக்களுக்காக மனு எழுதித் தருவதாகப் பல நிறுவனங்கள் தோன்றி, கிடைத்த பணத்தில் பங்கு பிடித்துக்கொண்டன. ஒரு கடிதத்தில் இலவசமாக முடியக்கூடிய காரியத்துக்கு மக்கள் கூலி கொடுத்தார்கள்.

நம் நாட்டு விதிகள்

நமக்கு விதிகள் இல்லாமலில்லை. காப்பீடு வாங்குவது வாடிக்கையாளரின் விருப்பம், வங்கியின் வேறெந்தச் சேவையோடும் அதனைப் பிணைக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. 2024 அக்டோபர் 1 முதல், புதிதாகக் கடன் பெறும் தனி மனிதருக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றை அவருக்குப் புரியும் மொழியில் வங்கி தரவேண்டும். காப்பீட்டுத் தொகை பிடித்தால் அதையும் சேர்த்தே ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டவேண்டும். நான் போட்ட 19.5 விழுக்காட்டுக் கணக்கை இனி வங்கியே போட்டுக் காட்டவேண்டும் என்பதே இதன் பொருள். எங்கள் கடன் அதற்கு நான்கு மாதம் முந்தியது.

எல்லாவற்றினும் எளிய உரிமை ஒன்றுண்டு. ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் 'வேண்டாம்' என்று எழுதித் திருப்பலாம். முன்பு பொதுவாக 15 நாட்களாக இருந்த இக்கெடு 2024-ல் நீட்டிக்கப்பட்டது. காப்பு இருந்த நாட்களுக்குரிய சிறு தொகை, மருத்துவச் சோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவை போக மீதி திரும்ப வரும். அந்த 30 நாட்களும் எங்கள் பெட்டிக்குள் உறங்கிக் கழிந்தன.

நாங்கள் செய்தது

கெடு கடந்தபின்னும் வழி அடைபடவில்லை. பொய் சொல்லி விற்றது என்று காட்ட இயன்றால் முறையிடலாம். ஆனால் அப்பா தயங்கினார். "மேனேஜரைப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு நகைக்கடனுக்குக் கூட அங்கதான கண்ணு போகணும்" என்றார். அவர் அச்சம் நியாயமானதே. ஒரே வங்கிக் கிளையை நம்பி வாழும் உழவர் வீடுகளில் பல முறையீடுகள் இப்படித்தான் வாசலைத் தாண்டாமல் நின்றுபோகின்றன.

நான் விண்ணப்பத்தைத் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டினேன். 'பட்டதாரி' என்றதும் முதலில் சிரித்தார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. "நான் அஞ்சாவதோட நின்னவன்னு கையெழுத்தப் பார்த்தாலே தெரியுமே. எழுதுனவருக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

முதற்படியாகக் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதினோம். என் உதவித்தொகைக்காகத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கியிருந்த, ஆண்டு வருமானம் 72,000 என்ற சான்றின் நகலையும், அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகலையும், கடன் நாளும் பிரீமியம் பிடித்த நாளும் ஒன்றே என்று காட்டும் கணக்குப் புத்தகப் பக்கத்தையும் இணைத்தோம். "தாங்கள் கையெழுத்திட்டுள்ளீர், தொலைபேசியில் சரிபார்த்தபோதும் ஆம் என்றீர்" என்று மறுத்துப் பதில் வந்தது.

அடுத்து, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பினோம். நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதம் வரை பதிலே தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இவரிடம் முறையிடலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. 50 இலட்சம் ரூபாய் வரையிலான பூசல்களை இவர் விசாரிக்கலாம். இவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நமக்கு நிறைவில்லையெனில் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். எங்கள் மனு பதிவாகி விசாரணை நாள் குறிக்கும் முன்பே, பிரீமியத்தைத் திருப்பித் தர இசைவதாக நிறுவனம் எழுதியது. 2025 டிசம்பரில் 20,000 ரூபாய் வந்தது. அதற்குக் கட்டும் வட்டி எங்களுடையதாகவே நின்றது. அதுவே நாங்கள் செலுத்திய பாடக் கட்டணம். அப்பா அஞ்சியபடி வங்கியில் யாரும் முகம் சுளிக்கவில்லை. இந்தத் தைமாதம் நகைக்கடன் வழக்கம்போலக் கிடைத்தது.

நண்பர்கள் நினைவில் கொள்ள

1. கடன் தொகையும் கைக்கு வந்த தொகையும் ஒன்றா என்று அன்றே பாருங்கள். குறைந்தால் எதற்கென்று எழுத்தில் கேளுங்கள்.

2. பத்திர உறையை வந்த அன்றே பிரித்து, வந்த தேதியை உறைமேல் குறியுங்கள். 30 நாள் அன்று தொடங்குகிறது.

3. யார் பெயரில், எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எவ்வளவு, எதற்குக் காப்பு என்ற நான்கையும் தேடுங்கள். விண்ணப்ப நகலில் வருமானமும் கல்வியும் சரியா என்று பாருங்கள்.

4. சரிபார்க்கும் தொலைபேசி வந்தால், புரியாததற்கு 'ஆம்' என்று சொல்ல வேண்டாமெனப் பெற்றோரிடம் கூறுங்கள்.

5. காப்பீட்டு ஆணையத்தின் 155255, ரிசர்வ் வங்கியின் 14448 ஆகிய எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

காப்பீடே வேண்டாம் என்பது என் கருத்தன்று. குடும்பத் தலைவர் மறைந்தால் கடன் பிள்ளைகள்மேல் விழாதபடி காப்பது நல்லதே. அதனை அறிந்து, கேட்டு, விரும்பி வாங்கவேண்டும் என்பதே என் கருத்து.

இக்கல்லூரியில் பயிலும் நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். பட்டம் பெற்று வேலைக்குப் போனபின்தான் வீட்டுக்கு உதவமுடியும் என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே செய்யத்தக்க உதவி ஒன்று இருக்கிறது. இந்த வாரம் ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் பெட்டிச் சாவியைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே பிரிக்கப்படாத உறைகள் இருக்கக்கூடும்.