ராக்கர் ஸ்டட் மாற்றுதல்: வீட்டிலா, கடைசல் பட்டறையிலா?

சென்னைக்குத் தெற்கே தாம்பரம் தொடங்கி மறைமலை நகர் வரையில் இயந்திரத் தொழில் பரவியிருப்பதை அங்கத்தினர் அனைவரும் அறிவர். 1999ஆம் ஆண்டில் மறைமலை நகரில் ஐகான் மோட்டார் காரைச் செய்யத் தொடங்கிய போர்டு நிறுவனம் 2022இல் அங்கே கார் உற்பத்தியை நிறுத்தியது. ஆயினும் உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலைகளும் கடைசல் பட்டறைகளும் அப்பக்கத்தில் இருக்கின்றன. பட்டறை அருகில் இருக்கையில், டிராக்டரிலும் ஆயில் எஞ்சினிலும் நேரும் பழுதை நாமே பார்ப்பதா, அங்கே அனுப்புவதா? ராக்கர் ஸ்டட்டை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1. ஸ்டட் என்பது யாது?

வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோலே ராக்கர். அதனைத் தாங்கும் தலையில்லா மரையாணிக்கு ஸ்டட் என்று பெயர். நம் எஞ்சின்களில் பெரும்பாலும் ராக்கர் பீடத்தை மரையிட்ட ஸ்டட்டுகள் சிலிண்டர் ஹெட்டுடன் பிணைக்கின்றன. 1955இல் வெளிவந்த செவர்லே வி-8 எஞ்சினிலோ, ஒவ்வொரு ராக்கருக்கும் மரையின்றித் துளையில் இறுக்கி அடித்த தனி ஸ்டட் அமைந்தது. முன்னது மரையின் பலத்தால் நிற்பது. பின்னது துளையின் இறுக்கத்தால் நிற்பது. இவ்வேற்றுமையை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

2. பழுதின் அடையாளம்

வால்வு இடைவெளியைச் சரிசெய்த சில மணி நேரத்திலேயே மீண்டும் தட்டும் ஓசை எழுமாயின், ஸ்டட் மேலெழும்புகின்றதா என்று பார்க்க வேண்டும். ஒரே உயரமாய் நிற்க வேண்டிய ஸ்டட்டுகளின்மேல் நேரான இரும்புச் சட்டத்தை வைத்தால், எழும்பியது புலப்படும்.

3. வீட்டிற் செய்யத் தக்கது

துளையின் மரை பழுதின்றி, ஸ்டட் மட்டும் தேய்ந்திருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். முதலில் எஞ்சினுடன் வந்த கையேட்டைப் பார்க்கவும். அந்த ஸ்டட் ஹெட்டையும் சேர்த்துப் பிணைப்பதாயின், ஒன்றைத் தளர்த்தினால் கேஸ்கெட்டின் இறுக்கம் கெடும். அவ்வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நன்று. இல்லையேல், எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடுக. இரண்டு நட்டுகளை ஒன்றையொன்று இறுக்கிப் பூட்டி, அடி நட்டைத் திருப்பினால் ஸ்டட் கழலும். துளை தண்ணீர் அறைக்குள் திறந்திருந்தால், முன்னரே தண்ணீரை வடித்துவிட்டு, புதிய ஸ்டட்டின் மரையில் கசிவு தடுக்கும் பசை பூசுதல் அவசியம். கையேடு கூறும் அளவுக்கு மேல் இறுக்கலாகாது. வால்வு இடைவெளியை அளந்து சரிசெய்து, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்த பின்னரே ஓட்டுக.

4. பட்டறைக்கு உரியது

துளையின் மரை அழிந்தாலும், ஸ்டட் உள்ளே ஒடிந்தாலும், இறுக்கி அடித்த ஸ்டட் எழும்பினாலும் கைத் துளைக்கருவியை எடுக்க வேண்டாம். எழும்பிய ஸ்டட்டைச் சுத்தியால் திரும்ப அடித்தால், தளர்ந்த துளை அதனை நெடுநாள் பிடித்து நிற்காது. சற்றுப் பருத்த ஸ்டட்டை இட்டாலும், மரையிட்ட ஸ்டட்டுக்கு மாறினாலும், துளையை நேராகச் செம்மைப்படுத்த வேண்டும். கைப்பிடியில் துளை சிறிது சாய்ந்துவிட்டால், ராக்கர் வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் தள்ளும். கைடு ஒருபுறம் தேயும். வால்வு இருக்கையில் படியாது. சிறு ஆணியை மிச்சப்படுத்தப் போய் ஹெட்டையே இழக்க நேரும். பட்டறையிலோ ஹெட் இயந்திரத்தில் அசையாமல் பிடிக்கப்படுகிறது. ஹெட்டைக் கழற்றுவதால் புதிய கேஸ்கெட் வேண்டும்; அதே வேளையில் வால்வுகளையும் தேய்த்துப் பொருத்திக்கொள்ளலாம்.

5. சங்கத்தின் கடமை

ஆணி கெட்டால் வீடு, துளை கெட்டால் பட்டறை: இதுவே சுருக்கமான விதி. டார்க் ஸ்பானர், இடைவெளி அளக்கும் தகடுகள், மரை வெட்டும் டேப் ஆகியவற்றை ஒவ்வொருவரும் வாங்குதல் வீண் செலவு. கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் இந்தியாவில் 1904இல் பிறந்ததன் கருத்தே, தனியொருவருக்கு இயலாததைப் பலர் கூடிச் செய்வதாகும். ஒரு பொதுக் கருவிப் பெட்டியும், யார் எடுத்தார் என எழுதும் ஒரு பதிவேடும் இருந்தால் போதும். உழவு நாளில் டிராக்டர் நின்றுவிட்ட பின் யோசிப்பதினும், பருவம் தொடங்குமுன் அடுத்த கூட்டத்திலேயே அங்கத்தினர்கள் இதனை முடிவு செய்தல் நலம்.